டைட்டானியம் ஏன் துருப்பிடிப்பதில்லை, ஏன் இவ்வளவு விலை

டைட்டானியம் என்றதும் விமானம், ராக்கெட், செயற்கை இடுப்பு மூட்டு என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் உலகம் முழுக்கத் தோண்டி எடுக்கும் டைட்டானியக் கனிமத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உலோகமாக ஆவதே இல்லை. வெள்ளைப் பொடியாகி, சுவருக்கு அடிக்கும் பெயிண்டிலும் பிளாஸ்டிக்கிலும் காகிதத்திலும் பற்பசையிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பொடியின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. ஒரு டைட்டானியம் அணு, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் அந்த ஆக்சிஜனைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகப்போகிறேன். டைட்டானியத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் பத்துப் பண்புகளைத் தனித்தனியாக எழுதிப் போட்டிருப்பார்கள், படித்த மறுநாள் மறந்துவிடும். ஆக்சிஜன் மேல் இந்த உலோகத்துக்கு இருக்கும் அடங்காத ஈர்ப்பைப் புரிந்துகொண்டால், அது ஏன் துருப்பிடிப்பதில்லை, ஏன் விலை அதிகம், வெல்டிங் செய்ய ஏன் இவ்வளவு பாடு, எலும்பு ஏன் அதை ஏற்றுக்கொள்கிறது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் ஒன்று: டைட்டானியம் அரிய உலோகம் இல்லை. பூமியின் மேலோட்டில் அதிகமாக இருக்கும் தனிமங்களில் அதற்கு 9-வது இடம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தில் கொல்லம் பக்கம் சவராவிலும் கடற்கரை மணல் கறுப்பாகக் கிடக்கிறதே, அதில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இதே மாதிரிக் கறுப்பு மணலில்தான் 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார், இதுவரை பார்க்காத ஏதோ ஒரு உலோகம் இதற்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் அந்த உலோகத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க 1910 ஆகிவிட்டது. அமெரிக்காவில் மாத்யூ ஹண்டர் என்பவர் அதைச் செய்தார். இருக்கிறது என்று தெரிந்தும் கைக்கு வர 119 வருடம்! கனிமம் காலடியில் மணலாகக் கிடக்கிறது, ஆக்சிஜனோ விடமாட்டேன் என்கிறது.

இரும்போடு ஒப்பிட்டால் சிக்கல் புரியும். இரும்புத் தாதுவோடு கரியைச் சேர்த்துச் சூடாக்கினால் கரி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும், இரும்பு உருகி வழியும். மனிதன் இதைப் பல ஆயிரம் வருடமாகச் செய்கிறான். டைட்டானியத்திடம் இந்த வித்தை பலிக்காது. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கப் போனால் கரியே டைட்டானியத்தோடு ஒட்டிக்கொண்டு கார்பைடு ஆகிவிடும். அது கடினமான பொருள்தான், ஆனால் நமக்கு வேண்டிய உலோகம் அல்ல.

அதனால் சுற்றுவழி. தாதுவைக் கரியோடு சேர்த்து, ஏறக்குறைய 1000 டிகிரி சூட்டில் குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் கரியோடு போய்விடும், டைட்டானியம் குளோரினோடு சேர்ந்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற நிறமற்ற திரவமாக வரும். ஈரக்காற்று பட்டாலே குபுகுபுவென்று வெள்ளைப் புகை கக்கும் திரவம் இது. ஒரு காலத்தில் போர்க்களத்தில் புகைத்திரை போடவே பயன்படுத்தினார்கள். 136 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் சாராயம் காய்ச்சுவது போலக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்யலாம். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. இந்தத் திரவத்தை ஆக்சிஜனோடு எரித்தால் பெயிண்டுக்கான வெள்ளைப் பொடி. மூடிய ஸ்டீல் கலத்தில், காற்று துளியும் இல்லாமல் எதனோடும் சேராத ஆர்கான் வாயுவை நிரப்பி, உருகிய மெக்னீசியத்தின் மேல் விட்டால், குளோரினை மெக்னீசியம் இழுத்துக்கொண்டு மெக்னீசியம் குளோரைடு ஆகிவிடும், மிஞ்சுவது உலோகம். இரண்டாவது வழியைத் தொழில் முறையாக்கியவர் லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் க்ரோல். 1948-ல் டூபாண்ட் நிறுவனம் இதை வைத்து வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இன்றுவரை பெரும்பாலும் இதே முறைதான்.

விலைக்குக் காரணம் இந்த க்ரோல் முறைதான். இரும்பு ஊதுலை இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு கலத்தை ஏற்றி, பல நாள் வினை நடக்கவிட்டு, மெக்னீசியம் குளோரைடை வெற்றிடத்தில் ஆவியாக்கி வெளியேற்றி, ஆறவைத்து, உள்ளே ஒட்டிக் கிடப்பதை வெட்டி எடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளியே வருவது பளபளக்கும் கட்டி இல்லை, துளைத்துளையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பொருள். அதற்கு ஸ்பாஞ்ச் என்றே பெயர். அந்த ஸ்பாஞ்சை நொறுக்கி, அழுத்தி, வெற்றிட உலையில் மின்பொறியால் உருக்கி, சீராக வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப உருக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் காற்றை வெளியே நிறுத்தத்தான் செலவு. நம் நாட்டில் சவராவில் உள்ள கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனம் 2011-ல் ஸ்பாஞ்ச் ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 500 டன் திறன், ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகமான டிஎம்ஆர்எல்லின் தொழில்நுட்பம், இஸ்ரோவின் பணம். அதே நிறுவனம் பல வருடமாக வெள்ளைப் பொடியும் செய்கிறது, அதாவது மேலே சொன்ன இரண்டு பாதையும் ஒரே ஊரில்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த உலோகத்தைக் காற்றில் வைத்தால் என்ன ஆகும்? உடனே மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மேல்பரப்பில் மட்டும். சில நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு ஆக்சைடு படலம் உருவாகி, அடியில் இருக்கும் உலோகத்தை முழுக்க மூடி, அதற்கு மேல் யாரையும் உள்ளே விடாது. இரும்பின் துரு உப்பி உதிரும், அடியில் புது இரும்பு வெளிப்படும், அதுவும் துருவாகும். டைட்டானியத்தின் படலம் உதிர்வதில்லை. கீறிவிட்டாலும் அக்கம்பக்கத்தில் ஆக்சிஜனோ ஈரமோ இருந்தால் அந்த நொடியே மறுபடி மூடிக்கொள்ளும். துருப்பிடிக்காத ஸ்டீலிலும் குரோமியத்தால் இப்படி ஒரு படலம் உண்டுதான், ஆனால் உப்புநீர் அதைக் குத்திக் குழி போட்டுவிடும். டைட்டானியத்தின் படலத்தைச் சாதாரணக் கடல்நீரால் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் கடல்நீரால் குளிர்விக்கும் மின் நிலையங்களின் கண்டென்சர் குழாய்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் என்று டைட்டானியம் பரவியது. விமானத்தைப் பற்றி மட்டுமே எல்லோரும் எழுதுகிறார்கள், எனக்கு இந்த ரசாயன ஆலைப் பயன்பாடுதான் அதைவிடச் சுவாரசியம். காஸ்டிக் சோடா ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுக்கும் இடம், மின்சாரத்தைக் கரைசலுக்குள் கொண்டுபோக அங்கே போடும் எந்த மின்வாயையும் அரிப்பு தின்றுவிடும். முன்பு கிராஃபைட் கட்டைகளை வைத்தார்கள், அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1960-களில் ஹென்றி பியர் என்பவர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய மின்வாயைக் கொண்டுவந்தார். பூச்சு மின்சாரத்தைக் கடத்தும், எங்காவது பூச்சு விட்டுப்போனாலும் அடியில் டைட்டானியம் தன் படலத்தை மூடிக்கொண்டு சும்மா இருக்கும், அரிக்காது. உலகத்தின் குளோரின் தொழிலே இதற்கு மாறிவிட்டது.

ஆனால் படலம் இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கொஞ்சம் இருந்தாலும் படலத்தைக் கரைத்துவிடும், அப்புறம் உலோகமும் போகும். இன்னொன்றும் உண்டு: ஈரமான குளோரினைத் தாங்கும் டைட்டானியம், ஈரமே இல்லாத குளோரினில் தீப்பற்றியே எரியலாம். படலத்தைப் புதுப்பிக்கக் கொஞ்சமாவது தண்ணீர் வேண்டும், அது இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. குளோரினுக்கு நல்லது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு உலர்ந்த குளோரின் குழாய்க்கு இதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த உலோகத்தோடு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமெரிக்காவின் எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் உளவு விமானத்தின் கதை ஒன்று போதும். ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகம். காற்று உரசி உரசியே உடல் 300 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும், அலுமினியம் அந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும். அதனால் லாக்ஹீட் நிறுவனம் விமானத்தின் பெரும்பகுதியை டைட்டானியத்தில் கட்டியது. சோவியத் நாட்டை வேவு பார்க்கப்போகும் விமானத்துக்கு வேண்டிய டைட்டானியத்தில் ஒரு பகுதியை, இடையில் வேறு கம்பெனிகளை வைத்து, சோவியத் நாட்டிலிருந்தே வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தலைவலி. இறுக்கி வைத்த போல்ட்டுகளின் தலை சூடானதும் கழன்று விழுந்தது. தேடிப் பார்த்தால் ஸ்பேனர்களுக்கு காட்மியம் முலாம். அதிலிருந்து ஒட்டிய துளியளவு காட்மியம், சூட்டில் டைட்டானியத்துக்குள் புகுந்து அதை நொறுங்கவைத்திருக்கிறது. தொழிலாளர்களின் பெட்டிகளிலிருந்து காட்மியம் பூசிய கருவிகளையெல்லாம் தேடி எடுத்து அப்புறப்படுத்தினார்கள். அடுத்து, ஸ்பாட் வெல்டிங் செய்த பாகங்களில் ஒரு விசித்திரம்: கோடையில் செய்தவை சீக்கிரம் கெட்டன, குளிர்காலத்தில் செய்தவை நின்றன. ஒரே ஆட்கள், ஒரே மெஷின். கடைசியில் பாகங்களைக் கழுவும் தண்ணீரில் வந்து நின்றது விஷயம். பாசி பிடிக்காமலிருக்க, தொழிற்சாலை இருந்த பர்பாங்க் நகரின் நீரில் கோடையில் குளோரின் அதிகம் கலப்பார்களாம். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது வலிமைக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் தவறான தகவல் அதிகம் உலவுகிறது. "உலகிலேயே வலிமையான உலோகம் டைட்டானியம்" என்பது உண்மை இல்லை. நல்ல ஸ்டீல் வகைகள் பல அதைவிட வலிமையானவை, கடினத்தில் டங்ஸ்டன் கார்பைடு பக்கத்தில்கூட அது நிற்காது. டைட்டானியத்தின் சிறப்பு, எடைக்கு எவ்வளவு வலிமை என்ற கணக்கில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் ஏறக்குறைய 7.85 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். அதாவது 100 கிலோ எடையுள்ள ஸ்டீல் பாகத்தை அதே அளவில் டைட்டானியத்தில் செய்தால் 57 கிலோதான் வரும், நல்ல கலவையாக எடுத்துக்கொண்டால் வலிமை பெரும்பாலான சாதாரண ஸ்டீலைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் விறைப்பு ஸ்டீலில் பாதிதான், அதாவது அதே சுமைக்கு இரண்டு மடங்கு வளையும், சுமையை எடுத்ததும் திரும்ப நிமிரும். ஸ்டீலுக்கு வரைந்த டிசைனில் பொருளின் பெயரை மட்டும் டைட்டானியம் என்று மாற்றிவிட முடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

கலவை என்று வந்தால் ஆச்சரியமான விஷயம், டைட்டானியத்தின் முதல் கலப்புப் பொருளே ஆக்சிஜன்தான். கலவை சேர்க்காத வணிக டைட்டானியத்தில் கிரேடு 1 முதல் 4 வரை உண்டு. கிரேடு 1-ல் ஆக்சிஜன் 0.18 சதவீதத்துக்குள், கிரேடு 4-ல் 0.40 சதவீதம் வரை. இந்தக் கால் சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, கூடவே வளைந்துகொடுக்கும் குணம் குறைகிறது. கிரேடு 1 தகடு மடிக்க மடிக்க மடியும், ஆக்சிஜன் இன்னும் கூடிக்கொண்டே போனால் ஒடியும். ரசாயன ஆலைகளில் அதிகம் ஓடுவது நடுவில் நிற்கும் கிரேடு 2.

விமானத் துறையில் ஓடுவது கிரேடு 5, எல்லோரும் சிக்ஸ்-ஃபோர் என்பார்கள். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். எதற்கு இந்த இரண்டு? சுத்த டைட்டானியத்தின் அணுக்கள் 882 டிகிரி வரை ஒரு விதமாக அடுக்கப்பட்டிருக்கும், அதற்கு ஆல்ஃபா என்று பெயர்; அதற்கு மேலே போனால் அடுக்கு மாறிவிடும், அது பீட்டா. அலுமினியம் ஆல்ஃபாவைத் தாங்கிப் பிடிக்கும், வனேடியம் பீட்டாவைச் சாதாரண வெப்பநிலையிலும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். இரண்டும் கலந்து நுண்ணிய வரிகளாக நிற்கும்போது வலிமையும் கிடைக்கிறது, சூடேற்றி அடித்து வளைக்கவும் முடிகிறது. இதன் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் அளவு, 900 மெகாபாஸ்கலுக்கு மேல். இதிலேயே ஆக்சிஜனை 0.13 சதவீதத்துக்குள் அடக்கிய வகை ஒன்று உண்டு, கிரேடு 23. விரிசல் பரவாமல் தாங்கும் குணம் கூடுதல் என்பதால் உடலுக்குள் வைக்கும் பாகங்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒர்க்ஷாப்பில் டைட்டானியம் வந்தால் ஆட்கள் முகம் சுளிப்பதற்கும் நியாயம் இருக்கிறது. இது வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் உலோகம், அதிலும் சிக்ஸ்-ஃபோர் இன்னும் மோசம். லேத்தில் ஸ்டீலைக் கடையும்போது சூட்டில் பெரும்பகுதி சுருளோடு வெளியே போய்விடும், டைட்டானியத்தில் அது டூல் நுனியிலேயே தங்கி டூலைத் தின்றுவிடும். வேகத்தைக் குறைத்து, கூலன்ட்டைக் கொட்டி, டூலை ஓரிடத்தில் தேயவிடாமல் வெட்டிக்கொண்டே போக வேண்டும். மெல்லிய சுருள் குவிந்து கிடந்தால் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். டைட்டானியம் போல்ட்டை டைட்டானியம் நட்டில் வெறுமனே முறுக்கினால் படலம் உரசிப் போய் உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கழற்றுவதற்குப் பதில் அறுக்கத்தான் வேண்டும்.

வெல்டிங்கில் ஆக்சிஜனைக் கண்ணாலேயே பார்க்கலாம். உருகும் இடத்துக்கு மட்டும் ஆர்கான் விட்டால் போதாது; சூடாக இருக்கும் பின்பகுதிக்கும் தகட்டின் அடிப்பக்கத்துக்கும் ஆறும்வரை ஆர்கான் மூடியிருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்த வெல்டிங் வெள்ளி போல மின்னும். லேசாகக் காற்று பட்டிருந்தால் வைக்கோல் நிறம், அது பெரும்பாலும் தேறிவிடும். ஊதாவும் நீலமும் வந்தால் சந்தேகம், சாம்பல் நிறம் அல்லது வெள்ளைப் பொடி வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான், ஏனென்றால் ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்து அந்த இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. நிறம் எங்கிருந்து வருகிறது என்றால், ஆக்சைடு படலம் தடிமனாக ஆக அதில் பட்டுத் திரும்பும் ஒளி மாறுகிறது. சாயம் ஒன்றும் கிடையாது. இதையே மின்சாரம் வைத்துக் கட்டுப்படுத்திச் செய்துதான் வானவில் நிற டைட்டானியம் நகைகள் வருகின்றன.

விமான எஞ்சினில் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுக்கும் விசிறியிலும் அதற்கடுத்து அந்தக் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலும் டைட்டானியம் ராஜ்ஜியம். ஏறக்குறைய 550, 600 டிகிரி தாண்டினால் ஆக்சிஜன் உள்ளே ஊறி மேல்தோலை நொறுங்கவைக்கும், ஆகவே சூடான பின்பகுதிகளை நிக்கல் கலவைகளிடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதே ஊறும் குணத்தைச் சாதகமாக்கிய வேலை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரென்ட் எஞ்சின்களின் உள்ளே வெற்றாக இருக்கும் விசிறி இறக்கைகளை, டைட்டானியத் தகடுகளை அடுக்கி 900 டிகிரி அளவில் அழுத்திச் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் டைட்டானியம் தன் படலத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், படலம் மறைந்துவிடும், தகடுகள் உருகாமலேயே அணுவோடு அணுவாக ஒன்றிவிடும். ஒட்ட வேண்டாம் என்ற இடங்களில் முன்பே ஒரு பூச்சு அடித்திருப்பார்கள், அங்கே வாயுவைச் செலுத்தி ஊதினால் தகடு கிழியாமல் உப்பி, உள்ளே தாங்குகட்டைகளோடு இறக்கை வடிவம் வந்துவிடும். அலுமினியத்தின் படலம் இப்படி மறையாது.

போயிங் 787-ல் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் டைட்டானியம் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அதன் உடல் கார்பன் ஃபைபர். அதோடு அலுமினியம் தொட்டு நின்று ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். டைட்டானியத்துக்கு அந்தக் கவலை இல்லை, சூட்டில் அது விரியும் அளவும் அலுமினியத்தைவிட மிகக் குறைவு.

எலும்பு விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. 1950-களில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் முயல்களின் எலும்பில் டைட்டானியக் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானியத்தை வைத்துப் பல் பதித்தார். உடல் உண்மையில் சந்திப்பது உலோகத்தை இல்லை, மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தைத்தான். அது உடல் திரவங்களில் கரையாமல் நிற்பதால் எலும்புச் செல்கள் அருகே வந்து வளர்கின்றன. விறைப்பு குறைவு என்று மேலே குறையாகச் சொன்னது இங்கே நல்லதாகிறது: ரொம்ப விறைப்பான கம்பியை வைத்தால் சுமையை அதுவே தாங்கிக்கொள்ளும், வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடும்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. மூவரும் உட்காரும் கோளம் டைட்டானியக் கலவை, 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன். அங்கே அழுத்தம் நம் மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 600 மடங்கு. ஸ்டீலில் செய்தால் எடை ஏறிவிடும், மேலே மிதந்து திரும்பி வர வேண்டுமே. இவ்வளவு தடிமனை வெல்டிங் செய்வதற்கு இஸ்ரோ எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்துகிறது. அது வெற்றிடத்துக்குள் நடக்கும் வெல்டிங், ஆக்சிஜனுக்கு அங்கே இடமே இல்லை.

கடைசியாகக் கடையில் வாங்குபவர்களுக்கு. தங்க நிறத்தில் வரும் டிரில் பிட் டைட்டானியம் அல்ல, ஸ்டீல் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. பூச்சு நல்ல பூச்சுதான், பெயரைப் பார்த்து முழுக்க டைட்டானியம் என்று காசு கொடுக்க வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், சமையலறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல வகைகளும் ஒட்டாது. கிரைண்டரில் லேசாக வைத்தால் ஸ்டீல் மஞ்சளாகப் பொறி விடும், டைட்டானியம் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக விடும், ஆனால் புது வாட்சை யாரும் கிரைண்டரில் வைக்க மாட்டார்கள். நூலில் கட்டிப் பார்ப்பதுதான் சுலபம். முதலில் பொருளின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பொருளைக் கையால் தொங்கவிட்டு அடியில் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 90 கிராம் பொருள் என்றால், டைட்டானியமாக இருந்தால் தராசு 20 கிராம் காட்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் 11, அலுமினியமாக இருந்தால் 33.